மஞ்சள் மாஜரினும் அருளம்பலத்தின் சத்தியப்பிரமாணமும்

அருளம்பலத்தாரை வளர்த்தெடுத்ததில் பெற்றோரின் பங்கைவிட அரசாங்கங்களின் பங்கு பெரிது. சோறு தாய் போட்டாள், உண்மைதான். ஆனால் அந்தச் சோறு என்ன அரிசி, எந்த விளக்கு வெளிச்சத்தில் அதைத் தின்பது, தின்ற கையை எதனால் கழுவுவது என்பதையெல்லாம் தீர்மானித்தவை, எங்கோ மின்விசிறிக்குக் கீழே யாரோ கையெழுத்து வைத்த கடதாசிகள். வைத்தவர்களில் ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எழுபதுகளில் கொழும்பு அரசாங்கம், வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் இறக்கக் கூடாது என்று ஒரு கட்டளை போட்டது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அது லொத்தர் விழுந்த மாதிரி. அருளம்பலத்தின் தகப்பன் செத்தல் மிளகாய் விற்றே கல்வீடு கட்டினார். மேல்மாடிக்கென்று சீமெந்தும் வாங்கி அடுக்கினார். எழுபத்தேழில் வேறொரு அரசாங்கம் வந்து, தடையெல்லாம் பழைய மோஸ்தர் என்று சொல்லிக் கதவை அகலத் திறந்துவிட்டது. கப்பல் கப்பலாக வெங்காயம் வந்தது. மேல்மாடிச் சீமெந்து மூட்டைக்குள்ளேயே இறுகிக் கல்லானது. தடையால் எழும்பிய வீடு, தடை நீங்கியதால் பாதியில் நின்றது. அன்றைக்கே அருளம்பலத்துக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது: தடை போட்டால் பயப்படவேண்டும், தடையை எடுத்தால் இன்னும் கூடப் பயப்படவேண்டும்.

வளர்ந்து கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் ஆனார். அவருடைய நேரம், தொண்ணூறில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பற்றரி கூடாது, சவர்க்காரம் கூடாது, மெழுகுதிரி கூடாது, நெருப்புப்பெட்டி கூடாது, பெற்றோல் கூடாது, பசளை கூடாது. சவர்க்காரத்தால் குண்டு செய்யலாம் என்று கொழும்பிலே யாருக்கோ யோசனை வந்திருக்கவேண்டும். அருளம்பலம் வெறும் தட்டுகளுக்கு முன்னால் காலையில் வந்து உட்காருவார், பின்னேரம் பூட்டிக்கொண்டு போவார். நடுவில் வருகிற சனத்துக்கு "இல்லை" என்று சொல்வது உத்தியோகம். அதைக் கோபமாக, பணிவாக, வருத்தமாக, கிட்டடியில் வரும் என்கிற பாவனையில் சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கும் நல்லம்மாவுக்கும் கலியாணம் நடந்தது அந்தக் காலத்தில். படச்சுருள் கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் கலியாணம் செய்துகொண்டதற்குச் சாட்சி அவர்கள் இருவரும்தான். அதிலும் சில நாட்களில் நல்லம்மா மறுத்துவிடுவாள்.

இத்தனைக்கும் யுத்தத்தை யாரும் பிரகடனம் செய்யவில்லை. அருளம்பலம் கண்ட யுத்தங்களில் ஒன்றைக்கூட யாரும் முறைப்படி அறிவித்துத் தொடங்கியதில்லை. முறைப்படி அறிவிக்கப்பட்டவை எல்லாம் சவர்க்காரத்துக்கும் நெருப்புப்பெட்டிக்கும் எதிரான யுத்தங்கள்தான்.

தடை இல்லாத வவுனியாவுக்குப் போய்வரும்போதெல்லாம் அவர் பற்றரி கொண்டுவந்தார். பழைய வேட்டியைக் கிழித்துப் பை தைத்து, பற்றரிகளை வரிசையாகக் கோத்து, இடுப்பைச் சுற்றிக் கட்டி, மேலே தொளதொளவென்று சேர்ட் போடுவது வழக்கம். ஒருநாள் தாண்டிக்குளத்துச் சோதனைச் சாவடியில் இவருக்கு முன்னால் நின்ற மனுசனின் குடைக் கம்புக்குள்ளே ஒரே ஒரு பற்றரி இருந்தது. ஆமிக்காரன் அதை எடுத்துக் காட்டிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே மனுசனைப் பின்பக்க அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். இடுப்பு நிறையப் பற்றரியோடு அருளம்பலம் சாவடியைத் தாண்டி நடந்தார். வெளியே நின்ற பஸ் அந்த மனுசனுக்காகக் காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு சீருடைக்காரர் சிரித்தால் அருளம்பலம் பின்பக்க அறை எங்கே என்று பார்ப்பார்.

மொன்றியலுக்கு அவர் வந்து சேர்ந்த கதை எல்லாருடைய கதைதான். அகதிக் கோரிக்கை, செயின்ட்-மிஷேலில் பேஸ்மென்ட், டவுன்டவுனில் ஒரு ஹொட்டேல் குசினியில் உருளைக்கிழங்கு சீவும் வேலை, பிறகு குடும்பத்தை எடுத்தது, பிறகு பேஸ்மென்டிலிருந்து இரண்டாம் மாடிக்கு ஏற்றம். நல்லம்மாவுக்கும் மகள் நிருஷாவுக்கும் குடியுரிமை எப்போதோ கிடைத்துவிட்டது. இவருடைய கோப்பு மட்டும் அசையவில்லை. "சங்கக்கடையில் ஆருக்கெல்லாம் சாமான் விநியோகித்தீர்?" என்று ஒரு அதிகாரி குடைந்து குடைந்து கேட்டார். "சாமானே இருக்கேல்லை, ஐயா" என்ற உண்மையை அவரால் நம்ப முடியவில்லை. சாமான் இல்லாத கடைக்கு எதற்கு மனேச்சர் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

இடையில் உலகமும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து நாடு ஈராக்குக்குப் போனது, அதையும் யுத்தம் என்று பிரகடனம் செய்யாமலே. அதே வருஷம் ஒரு கனடா மாட்டுக்குப் பைத்தியம் என்று கண்டுபிடித்து, கனடா மாட்டிறைச்சி முழுவதையும் எல்லையில் நிறுத்தியது. கனடா மரத்துக்கு வரி போட்டது. இரண்டாயிரத்து ஆறு ஏப்ரலில் ஒட்டாவா ஒரு கட்டளை போட்டு ஒரு இயக்கத்தின் பெயரைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. மறுநாள் காலை மொன்றியல் தமிழ் வீடுகளின் சுவர்களில் கலண்டர் தொங்கிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. ஓகஸ்ட்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-ஒன்பது பாதையை மூடினார்கள். அங்கே இருந்த தம்பி சிவநேசம் பழையபடி சவர்க்காரத்தை நூலால் அறுத்துப் பாவிக்கத் தொடங்கினார்.

இரண்டாயிரத்து ஏழு நவம்பரில், எல்லாரும் மறந்துபோன நேரத்தில், அருளம்பலத்துக்குக் கடிதம் வந்தது. டிசம்பரில் சத்தியப்பிரமாணம். அதை எடுத்துவிட்டால் இனி எந்தக் கடதாசியாலும் அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. அன்று அவர் கடிதத்தை வாசித்துவிட்டுக் கதவைப் பூட்டினார். கடிதம் திரும்பிப் போய்விடுமோ என்று பயந்தவர் போல.

"இஞ்சாருங்கோ, ஆக்களைக் கூப்பிட வேணும்" என்றாள் நல்லம்மா. "வெறுந் தேத்தண்ணி குடுத்து அனுப்பேலாது. நான் பட்டர் கேக் அடிக்கிறன்."

நல்லம்மாவின் பட்டர் கேக் மொன்றியலில் பெயர்பெற்றது. அதில் பட்டர் கிடையாது. எழுபதுகளில் பட்டர் கிடைக்காமல் போனபோது அவளுடைய வீட்டில் மாஜரினில் செய்யப் பழகினார்கள்; தடை போனது, பழக்கம் போகவில்லை. ஒருமுறை நிருஷா நல்ல பட்டர் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். "இதிலை செய்தால் பட்டர் கேக் மாதிரியே இருக்காது" என்று தாய் தள்ளிவைத்துவிட்டாள்.

மாஜரின் என்றால் மஞ்சளாக இருக்கவேண்டும். அங்கேதான் சிக்கல். கியூபெக் மாகாணத்தில் மாஜரின் வெண்ணெயின் நிறத்தில் இருக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. கனடா முழுவதிலும் வேறெங்கும் மிச்சமில்லாத சட்டம். மாடு வளர்ப்பவர்களின் மனம் நோகக் கூடாதென்று, கீழ்வீட்டுக்குப் பக்கத்தில், தெப்பனேர் என்கிற சில்லறைக் கடையில் மாஜரின் மெழுகுதிரி மாதிரி வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். கடைக்காரர் யோசெப், ஹெயிட்டிக்காரர். அருளம்பலம் முதல்முறை அதைத் தூக்கிப் பார்த்து முழித்தபோது, "மெஸ்யு, இங்கே மஞ்சள் நிறம் மாட்டுக்குச் சொந்தம்" என்று பிரெஞ்சில் விளக்கம் சொன்னவர் அவர்தான்.

"ரொறன்ரோவிலை மஞ்சள் கிடக்கு" என்றாள் நல்லம்மா. "கலியாணவீட்டுக்குப் போறியள்தானே. ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வாங்கோ."

"நீர் என்ன கதைக்கிறீர்? தடை செய்த சாமானப்பா அது! சத்தியப்பிரமாணத்துக்கு முதல் கடத்தலோ?"

சோபாவில் படுத்திருந்து புத்தகம் வாசித்த நிருஷா தலையைத் தூக்கினாள். "அப்பா, அது விக்கிறவைக்குத்தான் தடை. வாங்கித் தின்னுறவைக்கு இல்லை. நாங்கள் ஸ்கூலிலை படிச்சனாங்கள். முந்திக் கனடாவிலை மாஜரினே முழுசாத் தடை, தெரியுமோ? முதலாம் உலக யுத்தத்திலை பட்டர் தட்டுப்பட்டவுடனை கொஞ்சக் காலம் விட்டவை. பேந்து திரும்பத் தடை. நாற்பத்தெட்டிலைதான் கோர்ட் எடுத்துவிட்டது."

நாற்பத்தெட்டு! அருளம்பலம் யோசித்துப் பார்த்தார். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த அதே வருஷம் கனடாவில் மாஜரினுக்கும் சுதந்திரம் கிடைத்திருக்கிறது. இரண்டிலும் மாஜரின்தான் அதை ஒழுங்காக அனுபவித்தது.

"சட்டம் புத்தகத்திலை அப்பிடித்தான் கிடக்கும், பிள்ளை" என்றார். "வாசல்லை நிக்கிறவன் அந்தப் புத்தகத்தை வாசிச்சவனோ?"

"எந்த வாசல், அப்பா? ஒன்ராறியோவுக்கும் கியூபெக்குக்கும் நடுவிலை வாசலே இல்லை."

"கண்ணுக்குத் தெரியாத வாசல்தான் மோசம்."

"அப்ப வெள்ளையை வாங்கி நிறம் போடுவம்" என்றாள் நிருஷா. "ரொறன்ரோ மாஜரினுக்கும் நிறம் போட்டுத்தானே வருது."

நல்லம்மா மகளைப் பார்த்த பார்வையில் கேக் தானாகவே வெந்திருக்கும். "நிறம் போட்டுச் செய்யிறதெண்டால் நான் ஏன்? கடையிலை வாங்கலாம்." அத்தோடு பேச்சுவார்த்தை முடிந்தது. எந்த அரசாங்கத்தின் கட்டளைக்கும் மேலே ஒரு கட்டளை இருப்பதை அருளம்பலம் அறிவார்.

ரொறன்ரோவிலிருந்து திரும்பும்போது அவரைக் காரில் ஏற்றிவந்தவன் அழகேசன். சென்னைப் பையன், கீழ்வீட்டில் குடியிருப்பவன், டவுன்டவுனில் கம்ப்யூட்டர் வேலை, வருங்கால மனைவி ரொறன்ரோவில். அவனுடைய காரில் ஹீட்டருக்கு இரண்டே நிலை: ஒன்று சைபீரியா, மற்றது சுடுகாடு. நவம்பர் குளிருக்கு அவன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

"அங்கிள், கோட்டைக் கழட்டுங்க. ஆறா ஊத்துது உங்களுக்கு."

"இல்லைத் தம்பி, எனக்குக் குளிருது."

"குளிருதா? எனக்கு இங்க மூளை வெந்துக்கிட்டிருக்கு. ஏன் இப்படி கல்யாணப் பொண்ணு மாதிரி விறைப்பா உக்காந்திருக்கீங்க? சாய்ஞ்சு உக்காருங்க."

சாய முடியாது. மாஜரினைப் பெட்டியிலே கொண்டுவர அருளம்பலத்துக்கு மனம் வரவில்லை. கலியாண வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பழைய வேட்டியைக் கிழித்துப் பை தைத்து, தாள் சுற்றிய மாஜரின் கட்டிகளை வரிசையாகக் கோத்து, இடுப்பைச் சுற்றிக் கட்டி, மேலே சுவெற்றரும் அதற்கு மேலே கோட்டும் போட்டுக்கொண்டிருந்தார். பத்துப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகும் கை பிசகவில்லை என்று அவருக்குள்ளே ஒரு சின்னப் பெருமை. பற்றரி உருகாது, மாஜரின் உருகும் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. அது கியூபெக் எல்லைக்குக் கிட்ட, கோர்ன்வால் தாண்டும்போது வந்தது. நெஞ்சுக்குக் கீழே ஏதோ இளகி, தன் பாட்டில் இடம் மாறி, தொடைப்பக்கமாக இறங்குவதை அவர் உணர்ந்தார்.

கியூபெக் வரவேற்கிறது என்ற பலகை வந்தது. போனது. மணல் மூட்டை இல்லை, முள்ளுக்கம்பி இல்லை, இறங்கி நடக்கச் சொல்ல ஒருவரும் இல்லை. ஒரு மாகாணம் இவ்வளவு அஜாக்கிரதையாகத் தன் சட்டத்தை வைத்திருக்குமா? அருளம்பலத்துக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அந்த நேரம் பின்னால் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் சுழன்றது.

"அய்யோ, மாமா வந்துட்டாரு" என்று அழகேசன் காரை ஓரம் கட்டினான். "அங்கிள், எனக்குப் பிரெஞ்சு ரெண்டே வார்த்தைதான், பொன்ஜூர், மெர்சி. நீங்கதான் பேசணும்."

வந்தவள் ஒரு பொலிஸ்காரி. உயரமானவள், இளவயது, சிவந்த மூக்கு. பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்றாள். வந்தேறிகளுக்கான வகுப்பில் பிரெஞ்சு படித்தவர் என்கிற முறையில் அருளம்பலம் மொழிபெயர்த்தார்: "பின்னாலை லைற் எரியேல்லையாம், தம்பி." பிறகு அவள் சொன்னதை அவர் மொழிபெயர்க்கவில்லை. ஏனென்றால் அது அவரைப் பற்றியது.

"மெஸ்யு, உங்களுக்குச் சுகமில்லையா?"

அவர் முகம் முழுக்க வியர்வை. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திப் பிடித்திருந்தார். அவள் டோர்ச்சைக் கீழே பிடித்தாள். அவருடைய காற்சட்டை விளிம்பிலிருந்து சப்பாத்து மேலே, மஞ்சளாக, கெட்டியாக, ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

"அங்கிள்!" என்றான் அழகேசன், ஒரேயடியாகப் பயந்துபோய். "என்ன அங்கிள் இது? உள்ள ஏதாவது வெடிச்சிருச்சா?"

பொலிஸ்காரி அம்புலன்ஸ் கூப்பிடத் தோளிலிருந்த ரேடியோவில் கை வைத்தாள். அம்புலன்ஸ் என்றால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் உடுப்பைக் கழற்றுவார்கள். அருளம்பலம் கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சோதனைச் சாவடியில் உண்மையைச் சொன்னார்.

"மாஜரின், மதாம். ஜோன்." மஞ்சளுக்குப் பிரெஞ்சு.

அவள் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அவர் திரும்பச் சொன்னார். கோட்டைத் திறந்தும் காட்டினார். வேட்டிப் பட்டி இடுப்பைச் சுற்றி நனைந்து தொங்க, தாள் சுற்றிய கட்டிகள் சில இன்னும் மானத்தோடு சதுரமாக இருந்தன. அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு மற்றக் காரில் இருந்த கூட்டாளியைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அவனும் குனிந்து பார்த்தான். பிறகு இரண்டுபேருமாகச் சிரித்தார்கள். அவன் காரின் மேலே கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். சிரித்தபடியே அருளம்பலத்தின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, ரேடியோவில் யாருக்கோ ஏதோ சொன்னான். அங்கேயும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

சொந்தச் சாப்பாட்டுக்குத்தானே, போங்கள், என்றாள் அவள் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அழகேசனுக்குப் பின்விளக்குக்காக ஒரு தண்டச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

"நல்ல நீதி அங்கிள்" என்றான் அவன், காரைக் கிளப்பிக்கொண்டு. "இடுப்புல கடத்தினவருக்கு டாட்டா. லைட்டு எரியாதவனுக்கு ஃபைன். சீட்டெல்லாம் நெய் ரோஸ்ட் வாசனை வேற."

அவர்கள் விட்டுவிட்டதைப் பற்றி அருளம்பலம் யோசிக்கவில்லை. சிரித்ததைப் பற்றித்தான் யோசித்தார். பெயரை ரேடியோவில் சொல்லிச் சிரித்தார்கள்.

வீட்டில் நல்லம்மா உருகியதையும் உருகாததையும் ஒன்றாகக் குப்பையில் போட்டாள். "உங்கடை இடுப்பிலை கிடந்ததை ஊருக்குத் தின்னக் குடுக்கிறதோ? ஒரு பெட்டியைப் பெட்டியாக் கொண்டுவரத் தெரியேல்லை! மனேச்சராம்." நிருஷா சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து விழுந்தாள். தம்பி சிவநேசத்துக்கு ரெலிபோனில் கதை போனது. யாழ்ப்பாணத்தில் அவருக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது.

"அண்ணை, மஞ்சள் நிறத்துக்கு மட்டுமோ தடை? குடுத்துவைச்ச ஆக்கள். எங்களுக்கு எல்லா நிறத்துக்கும் தடை."

"பகிடி விடாதை, தம்பி. பெயரை எடுத்துப் பதிஞ்சிட்டான். சத்தியப்பிரமாணத்திலை கேப்பாங்கள்."

"கேட்டால்?"

அதுதான் அருளம்பலத்துக்கும் தெரியவில்லை. விண்ணப்பம் போட்ட பிறகு பொலிசாரோடு ஏதும் சம்பந்தப்பட்டீரா என்று கேட்பார்கள் என்று முன்னே எடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஓம் என்றால் கோப்பு திரும்பவும் அலுமாரிக்குப் போகும். இல்லை என்று சொல்லி, பிறகு ரேடியோவில் சிரித்தவன் வாயைத் திறந்தால், பொய் சொல்லி எடுத்த குடியுரிமையைப் பறிப்பார்கள். உருளைக்கிழங்கு சீவும்போது இதையே சீவிக்கொண்டிருந்தார். குசினியில் ஒருநாள் அவர் சீவிய கிழங்கு கோலி அளவுக்கு வந்தது.

"அப்பா, 'நோ' எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றாள் நிருஷா, சத்தியப்பிரமாணத்துக்குப் போகும் மெட்ரோவில். "உங்களிலை ஒரு சார்ஜும் இல்லை. ஒரு கேஸும் இல்லை. மாஜரின் எண்டு வாய் திறக்கப்படாது. ப்ளீஸ்."

"ஓம், ஓம்."

நல்லம்மா பட்டுச்சேலைக்கு மேலே குளிர்க்கோட்டையும், குளிர்க்கோட்டுக்கு மேலே முகத்தையும் இறுக்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் மேசையில் கேக் தயாராக இருந்தது, பளபளவென்று மஞ்சளாக. எப்படி என்று அருளம்பலம் கேட்கவில்லை. முதல்நாள் யோசெப்பின் கடையில் வெள்ளை மாஜரின் வைத்திருக்கும் தட்டுக்கு அடுத்த தட்டிலிருந்து ஒரு சின்ன நிறக்குப்பி இறங்கி வந்ததை அவர் கண்டார். காணாதவர் மாதிரி இருந்தார். சட்டம் மாஜரினுக்கு மஞ்சளைத் தடுத்தது. மஞ்சளை மாஜரினுக்குப் பக்கத்தில் வைத்து விற்பதைத் தடுக்கவில்லை.

மண்டப வாசலில் மேசைகள். அருளம்பலத்தின் மேசையில் இருந்த அம்மா களைத்துப்போன முகத்தோடு, அட்டையை வாங்கி, பெயரைத் தேடி, கேட்டாள்: விண்ணப்பித்த பிறகு பொலிசாரோடு ஏதாவது பிரச்சினை?

நல்லம்மா பின்னாலிருந்து அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

அவர் "நோ" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்த அம்மாவுக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது, பின்பக்க அறை மாதிரி. அதைப் பார்த்ததும் குடைக் கம்போடு நின்ற மனுசனின் முதுகு ஞாபகத்துக்கு வந்தது. அந்த மனுசன் ஒன்றுமே சொல்லவில்லை, அவரிடம் அவர்களாகவே எடுத்தார்கள். அருளம்பலம் அவர்களாகவே எடுக்கும்வரைக்கும் பொறுப்பதில்லை என்று முடிவு செய்தார்.

"உய், மதாம். ஒருதரம். மாஜரின்."

"அப்பா!" என்றாள் நிருஷா.

அந்த அம்மா பேனையை வைத்தாள். வேறு யாரையோ கூப்பிட்டாள். அருளம்பலத்தைப் பக்கத்தில் தனியாகக் கிடந்த நாற்காலியில் இருக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்: தலைப்பாகைக்காரர், முக்காட்டுக்காரிகள், தள்ளுவண்டிக் குழந்தைகள். நல்லம்மா போகாமல் நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை என்பதைப் பார்த்தபோதுதான் அருளம்பலத்துக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அவள் கோபப்படாமல் நின்றது, தாண்டிக்குளத்துச் சாவடியைத் தாண்டி அவர் வரும்வரை யாழ்ப்பாணப் பக்கத்தில் காத்திருந்த அந்த ஒருநாளில் மட்டும்தான்.

மேலதிகாரி வந்தார். நரைத்த மீசை, மூக்கு நுனியில் கண்ணாடி. மகளை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"மாஜரினை விற்றீர்களா?"

"இல்லை, ஐயா."

"விற்கும் நோக்கம் இருந்ததா?"

"இல்லை. கேக் அடிக்க."

"என்ன கேக்?"

"இண்டைக்கு வெட்டுற கேக், ஐயா. குடியுரிமை கிடைச்சதுக்கு."

"கிடைக்குமுன்னே செய்தாயிற்றா?"

"மனுசி செய்திட்டாள். அவள் பொறுக்கமாட்டாள்."

நிருஷா அழுவதா சிரிப்பதா என்று தெரியாத குரலில் அதையும் மொழிபெயர்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்கவில்லை, அதற்காக அருளம்பலம் சாகும்வரை அவருக்கு நன்றியோடு இருந்தார். "இந்த மேசையில் என்னிடம் கலியாணங்களை மறைத்திருக்கிறார்கள், வீடுகளை மறைத்திருக்கிறார்கள்" என்றார் மெதுவாக. "மாஜரினை ஒப்புக்கொண்டவர் நீங்கள்தான். உள்ளே போங்கள், மெஸ்யு. தொடங்கப்போகிறார்கள்."

அருளம்பலம் வலக்கையை உயர்த்தி, இரண்டாம் எலிசபெத் மகாராணியாருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்தார். மகாராணியாரின் தகப்பன் இலங்கையை விட்டுவிட்டுப் போய்க் கிட்டத்தட்ட அறுபது வருஷம். விட்டவரின் குடும்பத்தை இவ்வளவு தூரம் தேடிவந்து விசுவாசம் சொன்னதில் அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை. இந்த நாட்டில் அவருக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருந்தது. குடியுரிமைச் சோதனைக்குப் படிக்கும்போது தெரிந்துகொண்டது: முப்பத்தொன்பதில் ஜெர்மனியோடு யுத்தத்துக்குப் போகுமுன் கனடா ஒரு கிழமை பொறுத்து, பாராளுமன்றத்தைக் கூட்டி, பேசி, பிறகு முறைப்படி அறிவித்துத் தொடங்கியது. "சொல்லிப்போட்டு அடிச்ச ஆக்கள்" என்று அவர் நிருஷாவிடம் மரியாதையோடு சொல்லியிருக்கிறார்.

அன்று பின்னேரம் கேக் வெட்டினார்கள். "நல்லம்மா அக்கா, இதுதான் ரொறன்ரோ மாஜரின்ரை ருசி!" என்று விருந்துக்கு வந்திருந்த சிசிலி ரீச்சர் இரண்டாம் துண்டை எடுத்துக்கொண்டு சொன்னாள். "இஞ்சத்தை வெள்ளையிலை இது வராது." நல்லம்மா தேத்தண்ணி ஊற்றுவதில் கவனமாக இருந்தாள்.

ஜனவரியில் கொழும்பு, சமாதான உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. இந்த முறை ஒரு கடதாசி எழுதி, முறைப்படி, தேதி போட்டு. அருளம்பலம் அதை ரேடியோவில் கேட்டார். சொல்லிவிட்டுத் தொடங்குகிறவர்களைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிவநேசத்துக்கு ரெலிபோன் கிடைக்க மூன்று நான்கு நாள் எடுத்தது.

ஜூலையில் ஒருநாள், நிருஷா பேப்பரோடு ஓடிவந்தாள்.

"அம்மா! தடையை எடுத்துட்டினம்! மந்திரிசபை கையெழுத்து வைச்சிட்டுது. இனி மாஜரின் மஞ்சளா வரலாம்!"

நல்லம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அருளம்பலம் கும்பிடவில்லை. புதுக் கடவுச்சீட்டை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தார், இருக்கிறதா என்று. இருந்தது.

"ஏன் திடீரெண்டு எடுத்தவங்கள்?" என்றார்.

"அப்பா, சந்தோஷப்படுங்கோவன்!"

அவர் யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் எடுத்தார். இம்முறை உடனே கிடைத்தது. சிவநேசம் முழுவதையும் கேட்டார். ரெலிபோனின் இரு முனையிலும் ஒரே தகப்பனின் பாதியில் நின்ற வீடு நினைவில் நின்றிருக்கவேண்டும்.

"அண்ணை, மஞ்சள் வந்தால் பேந்து வெள்ளையை ஆர் செய்வான்? இருக்கிறதை வாங்கி வையுங்கோ."

அருளம்பலம் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கீழே போனார். யோசெப் கடையில் வெள்ளை மாஜரின் தட்டில் இரண்டே டப்பாதான் இருந்தன. "இது மட்டும்தானா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

யோசெப் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். அவருடைய ஊரையும் ஒருகாலம் தடை போட்டு மூடி வைத்திருந்தார்கள். பக்கத்து நாட்டிலிருந்து பெற்றோல் கலனில் கடத்தி வந்து எரித்த கதையைப் பனி கொட்டுகிற நாட்களில் அவர் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. திரும்பி, கல்லாவுக்குப் பின்னால் இருந்த திரையை விலக்கினார். உள்ளே வெள்ளை மாஜரின் கூரைவரை அடுக்கியிருந்தது.

"எனக்கென்று ஒதுக்கினது" என்றார். "உங்களுக்கு எத்தனை வேண்டும், மெஸ்யு அருள்?"